காற்றுக்கும் காசு

திருவெறும்பூர்ப் பக்கம் குடியிருந்துகொண்டு ‘எனக்கு வெல்டிங் பொழுதுபோக்கு’ என்று சொல்வது, திருவையாற்றில் உட்கார்ந்துகொண்டு ‘நானும் சுமாராகப் பாடுவேன்’ என்று சொல்வதைப் போன்றது. திருச்சி, பாய்லர் ஆலை இருக்கும் ஊர். வெல்டிங்குக்கென்றே 1975இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்த ஊர். துவாக்குடி வரை பட்டறை பட்டறையாகப் பொறி பறக்கிறது. இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு வெல்டிங் செய்வார்கள். கையைவிட்டுச் செலவழித்துச் செய்கிறவனைக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்ப்பார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் பாய்லர் குழாய்களைப் பற்றவைத்தே ஓய்வு பெற்றவர். அவர் போட்ட ஜாயின்ட்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் பாஸ் செய்வார்களாம். நான் செய்த செருப்பு ஸ்டாண்டைச் சுற்றி வந்து பார்த்தார். “இதுக்கு எக்ஸ்ரே வேணாம் தம்பி, நேரா ஐ.சி.யூ.தான்” என்றார்.

ராடு வெல்டிங்கில் ஒன்றரை மில்லி சதுரப் பைப்பைப் பற்றவைத்தவர்களுக்கு அந்த ஸ்டாண்டின் நிலைமை புரியும். ராடு வைத்தால் ஓட்டை விழும். ஓட்டையை அடைக்க ராடு வைத்தால் பெரிய ஓட்டை விழும். ஆகவே ராடுக்குப் பதில் வயரைத் தானே தள்ளி, கேஸ் பாதுகாப்பில் பற்றவைக்கும் மிக் மெஷின் வாங்கலாம், அதிலும் பல்ஸ் உள்ளதாக வாங்கலாம் என்று கடைக்குப் போனேன்.

பல்ஸ் என்பது நல்ல தந்திரம். சி.ஓ.டூ. கேஸ் போட்டுச் செய்யும் சாதாரண மிக் வெல்டிங்கில் வயர் நொடிக்கு 20 முதல் 200 தடவை வரை உருகிய குழம்பைத் தொட்டுத் தொட்டு ஷார்ட் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தெறிக்கிறது. சட்டையில் இருக்கும் பொத்தல்கள் அப்படி வந்தவை. கரண்டைக் கூட்டினால் வயர் எதையும் தொடாமல், பன்னீர் தெளித்ததுபோல் பொடிப்பொடித் துளியாக உலோகம் போகும். ஆனால் 1.2 மில்லி வயரில் அதற்கு 200 ஆம்பியருக்கு மேல் வேண்டும்; மெல்லிய தகடு அந்தச் சூட்டைத் தாங்காது. பல்ஸ் மெஷின் கரண்டை நொடிக்குப் பல பத்துத் தடவை உச்சத்துக்கு ஏற்றி இறக்குகிறது. ஓர் ஏற்றத்துக்கு ஒரு துளி. சராசரிக் கரண்ட் குறைவு, தகடு தப்பிக்கும், சட்டையும் தப்பிக்கும்.

கடைக்காரர் “பல்ஸ் இருக்கு சார், டபுள் பல்ஸ் இருக்கு, சினர்ஜிக் இருக்கு, தமிழ்லயே மெனு வேணும்னாலும் அடுத்த மாசம் வந்துரும்” என்றார். என்ன கேஸ் போடுவது என்று கேட்டேன். “எந்தக் கேஸ் போட்டாலும் ஓடும் சார்.”

பக்கத்து வீட்டுக்காரரிடம் வந்து சொன்னேன். “ஓடும். பல்ஸ்தான் வராது” என்றார்.

முழு விஷயமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. தனி சி.ஓ.டூ.வில் துளி சொன்ன பேச்சைக் கேட்காது. வயர் நுனியில் ஊதிப் பெருத்து, கோணல் மாணலாகத்தான் விழும். ஆர்கான் ஏறக்குறைய 80 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் துளி பொடியாகும், பல்ஸுக்கும் வேலை இருக்கும். இரும்புக்கு ஆர்கானும் சி.ஓ.டூ.வும் 80/20 அல்லது 82/18 மிக்ஸ். பல்ஸ் மட்டுமே ஓட்டுவதென்றால் 90/10 இன்னும் சுகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஆர்கானோடு 2 சதவீதம் சி.ஓ.டூ. இருந்தால் தாராளம். அலுமினியத்துக்குச் சுத்த ஆர்கான், வேறு பேச்சே இல்லை. மிக் வெல்டிங் 1948இல் அமெரிக்காவில் உருவானதே அலுமினியத்துக்காகத்தான். இரும்புக்கு அந்தக் கேஸ் கட்டுப்படியாகாது என்று 1953இல் சி.ஓ.டூ.வுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆக, கஞ்சத்தனம் நம் ஊர்ச் சொத்து மட்டுமில்லை.

ஆர்கான் வாங்கும் படலம் தனி. கேஸ் கடையில் “எந்தக் கம்பெனி சார்?” என்று கேட்டார்கள். வீட்டுக்கு என்றேன். பில் போடுகிற பையன் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். 2021 கொரோனா ஆக்சிஜன் தட்டுப்பாட்டுக்குப் பிறகு ஒரு வீட்டுக்குள் இப்படிச் சிலிண்டர் போனால் தெருவே கலங்குகிறது. குட்டியானையிலிருந்து அதை இறக்கி அரைமணி நேரம் ஆகியிருக்காது, எதிர்வீட்டு அம்மா ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, “யாருக்கும்மா முடியல?” என்று என் மனைவியிடம் கேட்டார். “இவருக்குத்தான்” என்றாள். பழத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆர்கான் நாம் மூச்சு விடும் காற்றிலேயே ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது, காற்றைக் குளிரவைத்துத் திரவமாக்கிப் பிரித்தெடுக்கிறார்கள் என்று அவளுக்கு விளக்கினேன். “அப்ப வீட்டுல இருக்கிற காத்தைத்தான் காசு குடுத்துத் தூக்கிட்டு வந்திருக்கீங்க” என்றாள். 1894இல் ராலேயும் ராம்சேவும் கண்டுபிடித்தார்கள், எதனோடும் சேராது, எதுவும் செய்யாது, பக்கத்தில் நின்று காற்று படாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான் என்றேன். “ஒண்ணும் செய்யாம சும்மா நிக்கிறதுக்கு இவ்வளவு வாடகையா? நீங்க இலவசமாவே நிக்கிறீங்களே.”

வாடகை விஷயத்தில் அவள் சொல்வது சரி. பெரிய சிலிண்டரில் 7 கன மீட்டர்; நிமிடத்துக்கு 12 லிட்டர் வைத்தால் பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆர்க் எரியும். ஞாயிற்றுக்கிழமை வெல்டருக்கு அது ஒரு வருடம் வரும். வருடம் முழுக்க வாடகை ஓடும். ஒன்றரைக் கன மீட்டர் சின்னச் சிலிண்டரைச் சொந்தமாக வாங்கிவிடுவது மேல், இரண்டு மணி நேரம் எரியும். சி.ஓ.டூ. மலிவுதான், ஆனால் அது சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதால் காலியாகப் போகும்வரை மீட்டர் முள் அசையாது. ரெகுலேட்டர் உறையாமலிருக்க ஹீட்டர் வேறு மாட்ட வேண்டும்.

எந்தக் கேஸானாலும் ஃபேனைப் போட்டால் கேஸ் கலைந்து வெல்டு முழுக்கப் பொடி ஓட்டை. கத்திரி வெயிலில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஃபேனை நிறுத்தச் சொல்லும் பொழுதுபோக்கு உலகத்தில் வேறு இருக்கிறதா தெரியவில்லை. மெஷினின் டியூட்டி சைக்கிளையும் பாருங்கள். 200 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிட வேலை, நாலு நிமிட ஓய்வு. அந்தக் கணக்கும் பெரும்பாலும் 40 டிகிரியில் எடுத்தது. எங்கள் தகரக் கொட்டகையில் 40 டிகிரி என்பது காலைப்பொழுது. சிங்கிள் பேஸ் என்றால் தனி லைன் இழுத்து, தனி எம்.சி.பி. போடுங்கள், இல்லையென்றால் ஆர்க் பிடிக்கும்போதெல்லாம் டி.வி. சீரியலில் மாமியார் இருளில் மூழ்குவார்.

பல்ஸ் மெஷினையே வாங்கினேன். 80/20 போட்டதும் வண்டு ரீங்கரிப்பது மாதிரி ஒரே சீராகச் சத்தம் வந்தது, தெறிப்பே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கூர்ந்து பார்த்தார். “மெஷின் நல்லா வெல்டு பண்ணுது தம்பி. நீங்க கொஞ்சம் தள்ளி நின்னா இன்னும் நல்லாருக்கும்.”

கேட், ஸ்டாண்டு, பெஞ்சு என்று 3 மில்லிக்குள் இரும்பு வேலை மட்டும் செய்கிறவர்களுக்கு பல்ஸ் தேவையே இல்லை. சாதாரண மிக், 0.8 வயர், 80/20 மிக்ஸ் போதும். அலுமினிய ஆசையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆசையோ இருந்தால் மட்டும் கூடுதல் பணத்தை எண்ணுங்கள். எதுவானாலும் மெஷின் கடைக்கு முன்னால் கேஸ் கடைக்குப் போய் மிக்ஸ் கிடைக்குமா, சின்னச் சிலிண்டர் கொடுப்பார்களா, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று கேட்டுவிடுங்கள். மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் ராடு பாக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.