எட்டு மெய்ப்பாடும் பழைய புத்தக விலையும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

பழைய புத்தகத்துக்கு விலை வைப்பது எது என்று கேட்டால் பொதுவாகக் கிடைக்கும் விடைகள் மூன்று: வயது, அருமை, உள்ளடக்கம். மூன்றும் பிழை, விலை புத்தகத்தில் இல்லை, வாங்க வந்தவர் முகத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு. மெய்ப்பாட்டியலை வகுத்தபோது தொல்காப்பியர் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையை மனத்தில் வைத்திருக்க நியாயமில்லை. ஆனால் உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிந்தே தீரும் என்னும் அவர் கோட்பாடு, தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடத்தைவிட, கையில் முந்நூறு ரூபாயோடு ஒருவர் புத்தகக் குவியல் முன் குந்தும் இடத்தில்தான் முழுமையாக மெய்ப்படுகிறது.

வயதை முதலில் தள்ளிவிடலாம். 1930களில் அச்சான பள்ளிக்கூட ஜியோமிதிப் புத்தகம் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் ஆரம்ப இதழோ, அட்டை பாதி போயிருந்தாலும் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். நாற்பது வயது இளையது மூத்ததை முந்துகிறது. அருமையும் அப்படித்தான்: ஏதோ ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையின் 1962ஆம் வருஷத்து ஆண்டறிக்கைக்கு மறுபிரதி உலகில் இல்லாமலே இருக்கலாம், அதை விலை கேட்பாரும் இல்லை. உள்ளடக்கத்தின் கதை இன்னும் சுவையானது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் தொடராக வந்தது, கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையான பிறகு பதிப்பாளர் பலர் அதைப் போட்டி போட்டுக்கொண்டு மலிவாக அச்சிட்டார்கள். ஆக, கதை யாருக்கும் கிடைக்கும். ஆனால் அந்தக் காலத்தில் வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ ஒட்டி பைண்டு செய்த தொகுப்புக்கு, மணியத்தின் சித்திரங்களோடு, தனி விலை. இத்தகைய தொகுப்பில் ஏதாவது ஒரு வாரம் விடுபட்டிருப்பது மரபு. அதை இரவல் வாங்கிப்போன பக்கத்து வீட்டார் யாரென்று வரலாறு சொல்லவில்லை. கதை குறைந்தும் விலை குறையாத இப்பொருளை உள்ளடக்கக் கொள்கை எப்படி விளக்கும்? மணியத்தின் சித்திரத்துக்குத்தானே விலை என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தச் சித்திரத்தைக் கண்டு எவர் முகமும் மலராத ஊரில் அது வடை மடிக்கத்தான் போகும்.

முகமே இல்லாத சந்தை ஒன்றைக் காட்ட முடியுமா என்று அறிவியல் நோக்குடையவர் கேட்கலாம். தெருமுனைப் பழைய பேப்பர் கடை இருக்கிறதே. அங்கே விலை சொல்வது தராசு. அதற்குக் கண் கிடையாது. காவியமும் கைடும் ஒரே கிலோ. அதே புத்தகம் மூட்டையிலிருந்து பிரிந்து நடைபாதைக்கு வந்ததும் விலை பன்மடங்காகிறது. தரம் பிரித்த உழைப்பு, வெயில், போலீஸ்காரர் விரட்டல் ஆகியவற்றுக்கான நியாயமான கூலியைக் கழித்துவிட்டால், மிச்சம் முழுவதும் மெய்ப்பாட்டு வரிதான். இதில் மிக அதிக வரி மருட்கைக்கு: கண் விரிந்தால் இருமடங்கு. உவகை அடுத்தது; புத்தகத்தை மார்போடு அணைத்தபடி “இது என்ன விலைண்ணே?” என்று கேட்பவர் பேரத்தை அப்போதே தோற்றுவிட்டார். ‘எங்கிட்ட முதல் பதிப்பே இருக்கு’ என்னும் பெருமிதம் ஏழைச் சேகரிப்பாளரைப் பணக்காரராகக் காட்டிக்கொடுக்கும். விலையைக் குறைக்க வல்லது இளிவரல் ஒன்றே; மூப்பும் பிணியும் அதற்கு நிலைக்களன் என்பதால், பூச்சி அரித்த துளையை விரலால் தடவி உதட்டைப் பிதுக்குவது இலக்கண சுத்தமான செயல். முகர்ந்து பார்ப்பவரைத் தனியே சொல்ல வேண்டும். மரக்கூழ்க் காகிதத்திலுள்ள லிக்னின் சிதையும்போது வெனிலா சாயலில் ஒரு மணம் எழுகிறது. பழைய காகிதம் வெளியிடும் ஆவிகளைக்கொண்டே அதன் நிலையை மதிப்பிடலாம் என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர் குழு ஒன்று 2009இல் காட்டியது. நடைபாதையில் அந்தச் சோதனை எதிர்த்திசையில் நடக்கிறது: முகர்கிறவர் எவ்வளவு நேரம் முகர்கிறார் என்பதைக்கொண்டு கடைக்காரர் அவருடைய நிலையை மதிப்பிடுகிறார்.

இனிப் பரபக்கம். கடைக்காரருக்குப் புத்தகம் தெரியாதா, முகம் பார்த்தா விலை சொல்கிறார் என்பது முதல் மறுப்பு. தெரியும், நன்றாகவே தெரியும். 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டிலும், பின் அங்கிருந்தவர்கள் குடியேறிய அல்லிக்குளம் வளாகத்திலும் பல பேராசிரியர்களுக்கு நூற்பட்டியல் பாடம் நடத்தக்கூடியவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த அறிவு எங்கிருந்து வந்தது? முன்னால் வந்த ஆயிரம் முகங்களிலிருந்து. மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்கள், சோவியத் யூனியன் 1991இல் மறைந்து வரத்து நின்றபின்னும், சீந்துவாரற்றுக் கிடந்த காலமுண்டு. அவற்றை வாசித்து வளர்ந்த குழந்தைகள் நரைத்த தலையோடு திரும்பி வந்து பரவசப்பட்ட பிறகே விலை எழுந்தது. எனவே இன்று ஒருவர் வெளிக்காட்டும் மகிழ்ச்சிக்கு நாளை வருகிறவர் பணம் கட்டுகிறார். கடைக்காரர் இப்போது செல்பேசியில் விலை பார்த்துவிடுகிறாரே என்பது இரண்டாம் மறுப்பு. செல்பேசியில் இருப்பதும் வேறொரு ஊரில் மலர்ந்த முகங்களின் தொகுப்புதான்.

மூன்றாவது மறுப்பு கடினமானது. முகத்தை மறைக்கத் தெரிந்த சேகரிப்பாளர், விரும்பிய நூலை மட்டும் கேட்டால் அகப்பட்டுக்கொள்வோம் என்று அஞ்சி, வேண்டாத நூல் ஒன்றை முதலில் எடுத்து அதற்கே நெடுநேரம் பேரம் பேசி, கடைசியில் “சரி, இதையும் சேர்த்துக் குடுங்க” என்று உண்மையான நூலை நீட்டுகிறார். முறை சிறந்ததே. ஆனால் வேண்டாத நூலுக்கும் காசு கொடுத்தாக வேண்டும். சிறுமுதல் சேகரிப்பாளர் அலமாரிகளில் பாதி, பழைய தட்டெழுத்துப் பயிற்சி நூல்களும் காலாவதியான வருமான வரிக் கையேடுகளுமாக இருப்பது இதனால்தான். மிச்சம் பிடித்ததை இந்தச் செலவு தின்றுவிடாதா? தின்னும், ஆனால் உவகைக்கு வரி கட்டுவதைவிட அது இன்னும் மலிவு. கவலை தருவது வேறொன்று. தாடி வைத்தவர்களும் ஜோல்னாப் பைக்காரர்களும் வரிசையாக வந்து வரிக் கையேட்டை ஆர்வமாகப் புரட்டுவதைக் கடைக்காரர் கவனித்துக்கொண்டிருக்கிறார். அதை எடுத்து முன்வரிசையில் வைத்து, பிளாஸ்டிக் உறையும் போட்டிருக்கிறார்.