பிளக் பாயின்ட்டும் ஐந்து விதிகளும்: ஒரு நூலகவியல் ஆய்வு

பல்கலைக்கழக மாணவர்கள் நூலகத்தைக் கைகழுவிவிட்டு இணையமே கதியென்று கிடக்கிறார்கள் என்பது பேராசிரியர்களின் நெடுநாள் புலம்பல். தரவுகள் இதற்கு இடம் தரவில்லை. தேர்வு நெருங்கினால் நூலகத்தில் நாற்காலி கிடைப்பதே அரிது. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குறித்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கும் புலப்படும்: சுவரோரம் நெரிசல், நடு மேசைகள் காலி. சுவரில் இருப்பது பிளக் பாயின்ட். ஆக, இணையத்தைத் தேடித்தான் மாணவர் நூலகத்துக்கே வருகிறார். அதோடு, சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலாக்கிய ஐந்து விதிகளை இவரளவுக்குப் பிசகாமல் கடைப்பிடிப்பவர் வேறு யாருமில்லை என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

நூல்கள் பயன்படுவதற்கே என்கிறது முதல் விதி. தடித்த அகராதி காலையில் மடிக்கணினிக்கு முட்டுக்கொடுக்கிறது, மதியம் தலையணையாகிறது. வாசகர் ஒவ்வொருவருக்கும் ஒரு நூல், நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசகர் என்பன அடுத்த இரண்டு. டீ குடிக்கப் போகிறவர் இடம்பிடிக்க நாற்காலியில் வைத்துவிட்டுப் போகும் நூலின் தேதிச் சீட்டில் மை மங்கிப் பல காலம் ஆகியிருக்கும்; அதற்கும் ஒரு வாசகர் வாய்த்துவிட்டார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. கூகுளில் முதலில் வரும் பக்கத்தோடு அசைன்மென்ட் முடிந்துவிடுகிறது. நூலகம் வளரும் உயிர் என்பது ஐந்தாவது. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொன்று கிளைப்பதை எந்த மேசைக்கடியிலும் காணலாம்.

முதலில் வரும் பக்கம் சரியென்று என்ன நிச்சயம் என்று கேட்கலாம். மாணவர் இரண்டாவது தளத்தையும் திறந்து சரிபார்க்கிறார். அங்கும் அதே வாக்கியம், அதே எழுத்துப்பிழையோடு. இரண்டு சாட்சிகள் அட்சரம் பிசகாமல் ஒன்றையே சொன்னால் நீதிமன்றம் சந்தேகப்படும். திருத்துபவர் சந்தேகப்படுவதில்லை, பாடக்குறிப்பை அவரும் அங்கிருந்துதான் எடுத்தார். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ரங்கநாதன் வற்புறுத்திய திறந்த அலமாரியில், தேடிப்போன நூலுக்குப் பக்கத்திலேயே தேடாத நூலும் கண்ணில் படும். இணையத்தில் அது நடக்குமா? நடக்கிறது. திணைக் கோட்பாட்டைத் தேடத் தொடங்கியவர் அரைமணியில் ஐபிஎல் ஏலம் வழியாகத் திண்டுக்கல் பிரியாணிக்கு வந்து சேர்கிறார்.

ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறை எதையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்தாகப் பிரிக்கும். மாணவருக்குக் கடைசி மூன்றே போதும்: ஆற்றல் பிளக் பாயின்ட், இடம் பக்கத்து நாற்காலி, காலம் சார்ஜ் முழுதாக ஏறும்வரை. ஆகவே ஒவ்வொரு பிளக் பாயின்ட்டுக்கும் பகுப்பெண் இட்டு நூற்பட்டியலில் சேர்க்குமாறு பரிந்துரைக்கப்படுகிறது. நூற்பட்டியலை யாராவது திறந்து பார்க்கவும் வேறு வழி தென்படவில்லை.