படிக்கக் காசு, அணைக்க ஆள்

கேள்வி: தன்னார்வத் தீயணைப்புப் படையில் சேரும் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவில் உதவினால், காசுக்காக வருகிறவர்கள்தானே பெருகுவார்கள்?
(ஒரு வாசகி, பெக்கான் நானாஸ், பொந்தியான்)

பதில்: வரட்டுமே அம்மா! எதற்காக வந்தாய் என்று விசாரித்துவிட்டா தீ அணைகிறது? உங்கள் ஊர் அன்னாசித் தோட்டத்துப் பீட் மண் தரைக்கு அடியிலேயே கனியும். மேலே தண்ணீர் பீய்ச்சினால் மேல்மண்தான் நனையும். நெருப்பு உள்ளே நகர்ந்து, தள்ளிப் போய்ப் புகையும். மண்ணுக்குள் நீரை ஏற்றி நாள்கணக்கில் காவல் இருக்கப் பழகிய ஆள் வேண்டும். உங்கள் மாவட்டத்துக் கூக்குப்பில் கடல்மேல் கால் நட்டுக் கட்டிய பலகை வீடுகளுக்கோ முதல் சில நிமிடங்கள்தான் கணக்கு. அங்கே பக்கத்து வீட்டுப் பையன்தான் முதல் போம்பா, முதல் தீயணைப்பு வீரன்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம், தீயணைப்பு, அவசர மருத்துவம் சார்ந்த படிப்புக்குத் தன்னார்வலர்களுக்கும் சார்லஸ் ரைலி பெயரில் உதவித்தொகை தருகிறது. படிக்கும்போதும், முடித்தபின் ஓராண்டும் படையில் இருக்க வேண்டும். அந்த நிபந்தனைதான் எனக்குப் பிடித்தது. பழகிய கை சட்டென்று நழுவாது.

முதல் வகுப்பில் தேறும் பட்டதாரிக்கு நம் நாட்டில், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பிடிபிடிஎன் கல்விக் கடன் தள்ளுபடி உண்டே. சில ஆண்டுகள் குழாய் பிடித்த பிள்ளைக்குப் பாதியாவது தள்ளுங்கள் என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.