பதினொண்ணாங் கிளாஸ் பட்டதாரிக்கு

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. ஸ்கூல்ல படிச்சுக்கிட்டே நீ காலேஜ் பாடமும் படிக்கப்போறியாமே? நாகேஸ்வரராவ் பூங்காவுல வாக்கிங் வர்ற அத்தனை பேருக்கும் உங்கப்பன் சொல்லியாச்சு. நீ மட்டும்தான் இன்னும் முதல் பாடத்தைத் தொறக்கல. அவசரமில்ல. ஊருக்குத் தெரிஞ்சதே பாதிப் படிப்பு.

சின்ன வயசுல காலேஜ் போறது மயிலாப்பூருக்குப் புதுசாக்கும்னு நெனச்சுடாத. சி.வி. ராமன் மாநிலக் கல்லூரியில சேர்ந்தப்ப வயசு பதினாலைத் தாண்டல. அவரோட அண்ணன் மகன் சந்திரசேகர் 1925-ல அதே காலேஜுக்குள்ள போனப்பவும் பதினாலுதான். சித்தப்பாவுக்கு 1930-ல நோபல், மகனுக்கு 1983-ல. மெதுவாப் பேசு, உங்கப்பன் காதுல விழுந்தா ஷோகேஸுக்கு ஆசாரியைக் கூப்பிட்டுடுவான்.

இன்னொரு வேடிக்கை கேளு. எங்க காலத்துல பதினொண்ணாங் கிளாஸோட எஸ்.எஸ்.எல்.சி. முடிஞ்சுடும். மீசை அரும்புறதுக்கு முன்னாடியே பசங்க பி.யூ.சி.ன்னு காலேஜுக்குக் கெளம்பிடுவாங்க. 1978-ல ப்ளஸ் டூ வந்துச்சு, அந்தப் படிப்பைக் காலேஜுலேருந்து எடுத்து ஸ்கூலுக்குள்ள வச்சாங்க. இப்ப ஸ்கூல் பசங்க கைல காலேஜ் பாடத்தைக் குடுக்கறோம். படிச்சவங்க செஞ்சா இதுக்குப் பேரு கல்விச் சீர்திருத்தம்.

குத்தம் சொல்லல. அடையாறுல மான் மேயற அந்த ஐ.ஐ.டி.க்காரங்க நல்ல காரியம்தான் பண்ணியிருக்காங்க. 2003-லேயே மத்த ஐ.ஐ.டி.களோட சேர்ந்து என்.பி.டி.இ.எல்.னு ஆரம்பிச்சு, வாத்தியாருங்க நடத்துற பாடத்தையெல்லாம் படம் புடிச்சு ஓசியில போட்டாங்க. ப்ளஸ் ஒன் படிக்கிற நீயும் கேக்கலாம், பக்கத்து வீட்டு மாமியும் கேக்கலாம். சான்றிதழ் வேணும்னாத்தான் காசு கட்டி, மையத்துக்குப் போய்ப் பரீட்சை எழுதணும். 2020-ல டேட்டா சயின்ஸ் பட்டம் வேற ஆரம்பிச்சாங்க. பதினொண்ணு முடிச்சவனும் அதோட தகுதித் தேர்வை எழுதலாம்: நாலு வாரப் பாடம், கணக்கு, புள்ளியியல், இங்கிலீஷு, கணினிச் சிந்தனைன்னு நாலு பாடம். தேறிட்டா இடம் காத்திருக்கும். ஆனா பன்னெண்டு பாஸ் பண்ணாம உள்ள விடமாட்டாங்க. அந்தக் கண்டிஷனை மட்டும் உங்கப்பன் பூங்காவுல சொல்லல.

அந்தக் கண்டிஷன்ல வெவரம் இருக்குடா. கும்பகோணத்துல ராமானுஜன்னு ஒரு பையன். வீட்டுல தங்கியிருந்த காலேஜ் பசங்ககிட்ட லோனி எழுதின திரிகோணமிதி புத்தகத்தைக் கடன் வாங்கி, ஸ்கூல்ல படிக்கும்போதே கரைச்சுக் குடிச்சுட்டான். சேரச்சொல்லி ஒருத்தரும் வெரட்டல, சான்றிதழும் கெடையாது. 1904-ல உதவித்தொகையோட காலேஜ் சேர்ந்தான். கணக்குல புலி, மத்த பாடத்துப் பக்கம் திரும்பிப் பாக்கல. உதவித்தொகை போச்சு. மெட்ராஸ் வந்து பச்சையப்பன் காலேஜுல சேர்ந்து பார்த்தான், அப்பவும் எஃப்.ஏ.ங்கிற காலேஜ் பரீட்சையில தேறல. 1912-ல துறைமுகத்துல முப்பது ரூபாய் குமாஸ்தா. மறுவருஷம், பட்டமே இல்லாத அவனுக்கு மெட்ராஸ் யுனிவர்சிட்டி மாசம் எழுபத்தஞ்சு ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை குடுத்துச்சு. நீ ராமானுஜன்னா பன்னெண்டாங் கிளாஸ் கெமிஸ்ட்ரியைத் தாராளமா விட்டுடு. சந்தேகமிருந்தா படிச்சு வை.

படிப்பும் நாத்து மாதிரிதான். எங்க ஊர்ப் பக்கம் குறுவை நாத்தை இருபத்தஞ்சு நாள் வாக்குல பறிப்போம். வேரைப் பாத்துப் பறிக்கிறவன் உண்டு, பக்கத்து வயக்காரன் பறிச்சுட்டானேன்னு பறிக்கிறவனும் உண்டு. மயிலாப்பூர்ல வயல் இல்ல, ஆனா ரெண்டாவது ஆளுக்குப் பஞ்சமில்ல.

அதனால ஒண்ணு பண்ணு. புடிச்ச பாடம் ஒண்ணை என்.பி.டி.இ.எல்.ல எடு. வீட்டுல மூச்சு விடாத. பரீட்சைக்குப் பணமும் கட்டாத. நாலு வாரம் கேளு. யாரும் கேக்காம, யாருக்கும் காட்டாம, அஞ்சாவது வாரமும் உன் கை தானா அந்தப் பாடத்தைத் தொறந்துச்சுன்னா அது உன் படிப்பு. அப்புறம் பணம் கட்டிப் பரீட்சை எழுதறதைப் பத்தி யோசி. தொறக்கலையா, நஷ்டம் ஒண்ணுமில்ல. சாயங்காலம் போய் கிரிக்கெட் ஆடு.

உங்கப்பன் வந்து "என்னடா ஆச்சு"ன்னு குதிப்பான். அவனுக்கும் வழி இருக்கு. அந்த ஐ.ஐ.டி. பட்டத்துக்கு வயசு வரம்பே கெடையாதாம். அவன் பன்னெண்டு பாஸ் பண்ணினவன்தானே? விண்ணப்பத்தை அவன் பேருல போட்டுடு. நாலு வாரம் அவனும் உக்காந்து புள்ளியியல் படிக்கட்டும். பூங்காவுல சொல்ற வேலையை நான் பாத்துக்கறேன்.