டெசிபல் தள்ளுபடி

பெங்களூரு இந்திராநகர்வாசிகளே, நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். மாடிக்கு மாடி மதுக்கூடம். தூக்கத்துக்குக் காவலாக ஒரு சட்டம். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கின்றன, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். சொன்ன கையோடு ஆடித் தள்ளுபடியும் தருகின்றன.

முதல் தள்ளுபடி 10 டெசிபல். அளவை வைத்துப் புகார் கொடுக்க வேண்டுமென்றால் வரம்பைவிட அவ்வளவு கூடியிருக்க வேண்டும். அதாவது 55. பகலுக்கான வரம்பே அதுதான்! பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. வரம்புக்குள் கத்துகிற ஒருவனோடு இன்னும் ஒன்பது பேர் சேரட்டும், அதுவரை பொறு என்கிறது சட்டம்.

அடுத்தது சராசரி. மதுக்கூடங்கள் 1 மணிக்கு மூடுவதாகவே வைத்துக்கொள்வோம் (சிரிக்காதீர்கள்). 10 முதல் 1 வரை அடித்த கூத்தை இரவின் எட்டு மணி நேரத்துக்கும் பரப்பினால் நாலு டெசிபல் மாயம். நள்ளிரவில் வீறிட்டு எழுந்த குழந்தை சராசரியாகத் தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாவதுதான் பம்பர். சட்டம் கேட்பது ‘ஏ’ டெசிபல். அந்த அளவீட்டில் தாழ்ந்த ஒலிக்குக் கழிவு உண்டு. 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல். சுவரைத் துளைத்து, கட்டில் காலை உலுக்கி, நெஞ்சுக்கூட்டில் ‘தும் தும்’ என்று இடிக்கிறதே, அந்த ஒலிக்குத்தான்! பாடுகிறவர் குரலை ஜன்னலைச் சாத்தித் தடுக்கலாம். இதை எதைச் சாத்தித் தடுப்பது? தூக்கம் கெட்டால் ரத்த அழுத்தம் ஏறும், இதயம் பழுதாகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போயிற்று. எவனோ குடித்து ஆட, யார் வீட்டுக் கிழவரின் இதயமய்யா விலை?

கண்காணிப்பு மட்டும் ஜோராக நடக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011இல் தொடங்கிய வலையமைப்பில் ஏழு நகரங்களுக்கு 70 நிலையங்கள். ஒன்று பக்கத்துத் தொம்மலூரிலேயே. எண்கள் குவிகின்றன. கதவைத் தட்டி ஸ்பீக்கரை நிறுத்த வேண்டியவரோ டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. ஒன்றரை மணிக்கு அவரை எழுப்பிப் பாருங்களேன்.

அப்படியும் முரண்டு பிடித்தால், உங்கள் தெருவை வணிகப் பகுதி என்று எழுதிவிட்டால் போச்சு. இரவு வரம்பு 55, புகாருக்கு 65. அதற்கு யாரும் ஒரு ஸ்பீக்கரைக்கூட நகர்த்த வேண்டியதில்லை.