செராசில் ஞாயிறு மலையேற்றம்: புக்கிட் அப்பேக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேஸ்மித் ஒரு விதி வகுத்தார். மூன்று மைல் நடக்க ஒரு மணி நேரம்; ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக இன்னொரு மணி நேரம். விதியில் பிழையில்லை. ஆனால் பசியாறுவதற்கு அதில் இடமே இல்லை. அந்தக் குறையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் மலைத் தேர்வு. ஹுலு லங்காட்டின் குனோங் நுவாங் 1,493 மீட்டர். முழு நாளையும் விழுங்கிவிடும், முட்டியையும் சேர்த்து. செமினி பக்கத்து ப்ரோகா சுமார் 400 மீட்டர்தான். அங்கே ஏறுவதைவிடப் படம் எடுக்கக் காத்திருப்பதே பெரும்பாடு. எஞ்சுவது செராஸ் அவானா ஓரத்துப் புக்கிட் அப்பேக். போய்வர 4 கிலோமீட்டர், ஏற்றம் 250 மீட்டர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நேஸ்மித் கூற்றுப்படி ஒன்றேகால் மணி நேர வேலை. எந்த ஞாயிறு என்று புலனக் குழுவில் பேசி முடிப்பதற்குள் மாதம் பிறந்துவிடும்.

புறப்படும் நேரமே இத்துறையின் தீராத சிக்கல். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகலில் இடியும் மழையும் கூடும் என்பதால் பன்னிரண்டுக்குள் இறங்கிவிட வேண்டும். ஆகவே ஆறரைக்குக் கூடுவது என முடிவாகும். ஆறரைக்கோ கும்மிருட்டு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பக் கடிகாரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டு சபா, சரவாக்கோடு ஒன்றானது. அன்றுமுதல் இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் தலைகாட்டுகிறது. தாமதமாக வருபவர்கள் இந்த வரலாற்று அநீதியைச் சுட்டிக்காட்டத் தவறுவதில்லை.

"வந்துக்கிட்டே இருக்கேண்ணே" என்ற செய்தி தனி ஆய்வுக்குரியது. அதை அனுப்பும்போது அனுப்புநர் இருக்கும் இடம் கட்டில். "பக்கத்துல வந்துட்டேன்" என்றால் குளியலறை. பதிலே வராவிட்டால்தான் அவர் உண்மையில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

காலணி குறித்து இரு பள்ளிகள் உண்டு. பேரங்காடியில் நானூறு வெள்ளிக்குக் காலணி வாங்கியோர் முதல் பள்ளி. இரண்டாம் பள்ளி 'அடிடாஸ் கம்போங்' அணிவோர்: கறுப்பு ரப்பர், அடியில் முள்முள்ளாகப் புடைப்பு, மளிகைக்கடையில் கொத்தாகத் தொங்கும் சரக்கு. தோட்டத்தில் பால்மரம் சீவப் போனவர்கள் போட்ட அதே சப்பாத்து. ஈரக் களிமண்ணில் நானூறு வெள்ளி வழுக்கும். இது பிடித்து நிற்கும். அதை மாட்டிய எழுபது வயதுச் சீனத் தாத்தா, கையில் ஒரு புட்டித் தண்ணீருடன் நம்மை இருமுறை கடந்து போவார். ஒருமுறை ஏறும்போது, மறுமுறை இறங்கும்போது. நாம் நிற்கும் இடம் மட்டும் மாறியிருக்காது.

அட்டைக்கு உப்பா, புகையிலையா என்ற விவாதத்தை இங்கே தவிர்க்கிறோம். கடித்தபின் இரத்தம் உறையாமல் வழியும், அவ்வளவே. காப்புக்காட்டில் நுழைய 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதைக் குழுவில் ஒருவர் நினைவூட்டுவார். அவர் எப்போதும் வருவதில்லை.

இனி ஆற்றல் கணக்கு. 70 கிலோ மனிதரை 250 மீட்டர் உயர்த்தும் வேலை 41 கலோரி. தசையின் திறன் கால்வாசி என்பதால் உடல் செலவழிப்பது 165 அளவில். நடைக்கு இன்னும் 200 சேர்த்தாலும் மொத்தம் 365. ஒரு ரொட்டி சானாய் ஏறத்தாழ 300 கலோரி. இறங்கிய மனிதர் ஒட்டுக்கடையில் இரண்டு ரொட்டி, தாராளமாகப் பருப்புக் கறி, கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் என்று அமர்கிறார். ஏறியவர் எடை கூடி வீடு திரும்புவதற்கான காரணம் இதுவே. மலையின்மீது பழிபோட முடியாது.

இம்முடிவுகளைக் குழுவின் முன் வைத்தோம். அப்படியானால் ஏறுவதற்கு முன்பே பசியாறிவிடலாம் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.