மட்டை என்ன ஓடியா போயிரும்?

எலேய் மக்கா, இங்கன வா. கையைக் காட்டு. விரல் மொளியெல்லாம் வெளுத்துக் கெடக்கு. 300 கிராம் மட்டை என்ன ஓடியா போயிரும்? இப்படிக் கழுத்தை நெரிக்கியே!

இறுக்கிப் பிடிச்சாதான் வேகம் வருமாம். வரும், வரும், முழங்கையில வலி வரும். மணிக்கட்டைத் தூக்குற தசைகள் முழங்கைக்கு வெளிப்பக்க எலும்புலதான் வந்து ஒட்டியிருக்கு. பேக்ஹேண்டுக்குப் பேக்ஹேண்டு அதைச் சுண்டி இழுத்தா எத்தனை நாளைக்குப் பொறுக்கும்? அப்புறம் டென்னிஸ் எல்போன்னு பட்டை கட்டிக்கிட்டு, பெரிய ஆட்டக்காரன்னு ஊருக்குள்ள திரியலாம். அது ஒண்ணுதான் லாபம்.

பந்து மட்டை நரம்புல ஒட்டியிருக்கது 4, 5 மில்லிசெகண்டுதான்டே. 'இப்ப இறுக்கணும்'னு நீ நெனைக்கதுக்குள்ள அது கெளம்பிப் போயாச்சு. நட்ட நடுவுல பட்ட பந்து, இறுக்கிப் பிடிச்சாலும் லேசாப் பிடிச்சாலும் ஏறக்குறைய ஒரே வேகத்துலதான் போகும். ஓரத்துல பட்டாத்தான் மட்டை கையில திருகும். அங்க பிடி கொஞ்சம் ஒதவும். உனக்கு நடுவுல படுறதே அபூர்வம்ங்கதால, சுத்தமாவும் விட்டுராத.

வேகம் பிடியில இல்ல, வீச்சுல இருக்கு. மண்வெட்டி பிடிச்சிருக்கியா? எங்க பிடிச்ச! ஓங்கும்போது கை லேசா இருக்கும், மண்ணுல எறங்கும்போது அதுவா இறுகிக்கிடும். போர்ஹேண்டும் அப்படித்தான். கை முன்னால போகணும், மட்டைத் தலை சோம்பேறித்தனமாப் பின்னால வரணும், கடைசியில விசுக்குன்னு முந்தணும். நீ மணிக்கட்டுக்குப் பூட்டுப் போட்டுட்டா அது எப்படி முந்தும்? அதான் சுழற்சியே இல்லாம வலையில போயி விழுது.

பத்துல மூணு, நாலு பங்கு இறுக்கம் போதும். வேகமான செர்வீஸ்னா கொஞ்சம் கூட்டிக்கோ. ரெண்டு கை பேக்ஹேண்டுல கீழ இருக்க வலக்கை சும்மா தொட்டுக்கிட்டு இருக்கட்டும். மேல இருக்க இடக்கை வேலையைப் பாக்கும். ஒவ்வொரு அடி முடிஞ்சதும் மட்டைக் கழுத்தை இடக்கையில தாங்கிக்கிட்டு, வலக்கை விரலை விரிச்சு விடு.

நம்ம நாகர்கோவில்ல பொறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ரெண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி பாத்தவரு. 61 காலிறுதியில ராய் எமர்சனை நேர் செட்டுல சாச்சாரு. மர மட்டை, நளினமான கை. முக்கலும் முனகலும் கெடையாது.

சரி, போ. கோச்சுகிட்ட 'எங்க தாத்தா சொன்னாரு'ன்னு மட்டும் ஆரம்பிக்காத. 'நீங்க முன்னயே சொன்னீங்களே சார், இப்பத்தான் புரிஞ்சுது'ன்னு சொல்லு. மனுசன் மறுக்கவே மாட்டாரு.